கைமாத்து

பிரகாசிக்குப் பிடரி வலித்தது. காலையில் போகும்போது வலிக்காத கழுத்து, திரும்பும்போதுதான் வலிக்கும். கடற்கரையில் ஏலம் கூறி எடுத்த சாளை, பெட்டி நிறைய அப்படியே தலையில் இருந்தது. ஐஸ் கரைந்த தண்ணீர் சும்மாட்டை நனைத்து, காதோரமாக இறங்கி, ரவிக்கைக்குள் போனது. அங்கேதான் அட்டை இருந்தது. தண்ணீரோ நெருப்போ அட்டையை ஒன்றும் செய்யாது என்று கொடுத்த அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். சுமந்தவள் கழுத்தைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பனைவிளை விலக்கில் இன்றைக்கும் அதே கூத்துதான். ஒருத்தி வந்து குந்தி, செவுளைத் தூக்கிப் பார்த்து, "நல்லா ரத்தமா இருக்கே" என்று நாலு மீனைப் பொறுக்கியும் வைத்துவிட்டாள். பின்னால் நின்ற மருமகள் போனை நீட்டினாள். போன் தேன் தடவின பெண்குரலில் ஊருக்கே கேட்கிறமாதிரி சொன்னது:

"பிரகாசி. வாழ்நாள் அளவு நூற்றுப் பதினெட்டு. சிவப்பு."

பொறுக்கின கை அந்தரத்தில் நின்றது.

"மீனுக்கு ஒண்ணுமில்லம்மா. மீன்மேல புடிச்சுப் பாரு" என்றாள் பிரகாசி.

மருமகள் பிடித்தாள். "மீன். இயல்பு நிலை" என்றது போன்.

"மீன் சரிதான்க்கா. அதத் தொட்ட கை?" என்றாள் மருமகள். மாமியார் எழுந்து, தொட்ட விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனாள்.

டீக்கடை பெஞ்சில் இருந்த ஒருத்தன், "நூத்திப் பதினெட்டு மில்லியா? ஒரு குவாட்டருக்கு இன்னும் அறுவது மில்லி கொறையுதே. ஊத்திரட்டுமா?" என்று கேட்டான். பெஞ்சு சிரித்தது.

"ஒம்பொண்டாட்டி ஊத்துவா, போ. ஒனக்குப் பாலு" என்று சொல்லிவிட்டுப் பிரகாசி பெட்டியைத் தூக்கினாள். சொல்லுக்குச் சொல் கொடுத்துவிடலாம். சாளை விற்காது.

சிப்பிமுனையில் அவள் வீட்டு வாசலில், கவிழ்த்துப்போட்ட பெயின்ட் வாளியில் ராஜகனி உட்கார்ந்திருந்தாள். தேரிவிளைக்காரி. அணு உலை வேலைக்குக் கூட வந்தவள். இரண்டு வருஷமாக இந்தத் தெருப்பக்கம் தலைவைத்துப் படுக்காதவள்.

"எப்ப வந்த?"

"வெயில் ஏறும் முன்ன."

"என்ன விசேசம்? ஒம்மவன் இசக்கிமுத்துக்குப் பொண்ணு பாத்தாச்சோ? பத்திரிகை வைக்க வந்தியோ?"

ராஜகனி ரவிக்கைக் கையை மேலே சுருட்டினாள். தோள்முட்டு வரைக்கும் கருநீலமாகக் கன்றிக் கிடந்தது.

"எவன்ளா அடிச்சான்?"

"எவனும் அடிக்கல. படுத்து எந்திரிச்சா இப்பிடி ஆவுது. பல்லு வெளக்குனா வாயெல்லாம் ரத்தம். ரத்தத்துல கேன்சராம்."

பிரகாசி பெட்டியை இறக்கினாள். வழக்கமாக ஒரு கை பிடிக்க ஆள் வேண்டும். இன்றைக்கு அவளாகவே இறக்கினாள்.

"அதுக்கு எங்கிட்ட வந்தா? நான் என்ன டாக்டரா?"

"நூறு இருந்தாத்தான் இலவச வைத்தியமாம். எனக்கு நாப்பதுதான் காட்டுது. நாப்பதுக்கு இந்த நோய் உலையால வராதாம், கையிலேர்ந்து செலவழிக்கணுமாம். தேரிவிளைய வித்தாக்கூட பத்தாது." ராஜகனி தலை நிமிராமல் சொன்னாள். "எங்கணக்கு ஒங்கிட்டக் கெடக்குல்லா ளா. அதத் திருப்பித் தா."

பிரகாசிக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பில்லை.

அந்தக் கணக்கு இப்படி. சிப்பிமுனைப் பழைய உலையை உடைத்து அப்புறப்படுத்தும் வேலைக்குச் சுற்று வட்டாரத்துப் பெண்களைத்தான் எடுத்தார்கள். சுவரைக் கொத்துவது, ஆசிட் ஊற்றிக் கழுவுவது, கழித்ததை மூட்டை கட்டுவது. உள்ளே சில அறைகளுக்குச் சூட்டு ரூம் என்று பெயர். தொட்டால் சுடாது. கதிர்வீச்சை அளக்க நெஞ்சில் குத்தியிருக்கிற பேட்ஜுக்குத்தான் அது தெரியும். யார் பேட்ஜில் கணக்கு ஏறிவிட்டதோ அவளை அடுத்த சீசனுக்குக் கூப்பிடமாட்டார்கள். கணக்கு ஏறாத பேட்ஜுக்குத்தான் சோறு.

முதல் வருஷமே பிரகாசி சாரத்திலிருந்து விழுந்து கால் ஒடிந்தது. எலும்பு கோணலாகக் கூடி, நொண்டுகிற காலாகவே நின்றுவிட்டது. காண்டிராக்ட் மேஸ்திரி அவள் பேரை அடிக்கவில்லை, கணக்கு ஏறின பிறகும் சீசனுக்குச் சீசன் எழுதிக்கொண்டான். "ஆளு வராட்டி என்ன, பேட்ஜ் வரட்டும்" என்றான். சூட்டு ரூமுக்குள் போகிறவள் தன் பேட்ஜைச் சாப்பாட்டு வாளியில் போட்டுவிட்டுப் பிரகாசியின் பேட்ஜைக் குத்திக்கொள்வாள். அன்றைய கூலியில் பாதி, கால் நீட்டிக் கிடக்கிற பிரகாசிக்கு. ஆறு பெண்கள் முறைவைத்து இப்படி நாலு வருஷம் ஓட்டினார்கள். "இன்னைக்குக் கைமாத்து யாருக்கு?" என்றுதான் கேட்டுக்கொள்வார்கள். கைமாத்துக்கு வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. கொடுத்தவள் கேட்கக்கூடாது. வாங்கினவள் மறக்கக்கூடாது.

பிறகு சட்டம் வந்தது. வடக்கே எங்கேயோ ஒரு உலையில் நடந்த விபத்தை மூடி மறைக்கப் போய், ஊரெல்லாம் கொதித்து, கடற்கரை மணலில் பெண்கள் வெயிலிலும் மழையிலும் படுத்துக் கிடந்து வாங்கின சட்டம். 'கணக்கைக் காட்டு' என்று கத்தினவர்களில் பிரகாசியும் ஒருத்தி. நொண்டிக்கொண்டே போய்க் கத்தினாள். கணக்கைக் காட்டினார்கள். ஆளுக்கொரு அட்டை கொடுத்து, அவரவர் உடம்பில் ஏறின கதிர்வீச்சு எவ்வளவு என்று எல்லாரும் பார்க்கும்படி திறந்துவிட்டார்கள். படிக்காதவருக்கும் தகவல் போய்ச் சேரவேண்டும் என்று அதைப் பேசவும் வைத்தார்கள். அட்டையில்லாமல் பஸ்ஸில் ஏற முடியாது, ரேஷன் வாங்க முடியாது.

"சட்டம் வந்த அன்னைக்கு ஆறு வீட்டு வாசல்லயும் வந்து நின்னேன்" என்றாள் பிரகாசி. "ஆளாளுக்கு ஒங்க கணக்க ஒத்துக்கிடுங்கட்டி, என்னால மீன் விக்க முடியலன்னு சொன்னேன். ஒருத்தி வாயத் தொறக்கல. நீ வீட்டுலயே இல்லன்னு ஒம்மவன் சொன்னான். கதவுக்குப் பொறத்த நீ நின்ன. ஒங்காலு தெரிஞ்சுது. ஆசிட் பட்டு வெந்த பெருவெரலு."

"பயந்துட்டேன்ளா. அவன் அப்பதான் திருப்பூர்ல வேலைக்குச் சேந்தான். தாய் தகப்பனுக்கு எவ்வளவுன்னு அங்க கேக்காவ."

"இப்ப பயம் போயிட்டோ?"

"சாவு வந்து முன்ன நிக்கி. பயம் பொறவால போயிட்டு."

பிரகாசி உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். ராஜகனி அண்ணாந்து குடித்தாள். குடித்து முடித்த பிறகு உதட்டோரம் சிவப்பாக இருந்தது.

"சாளை நாறிப்போவும். ஐஸப் போட்டுட்டு வாரேன். மையத்துக்குப் போவோம்" என்றாள் பிரகாசி.

மக்கள் அளவு மையத்தில் இருந்த அலுவலர் இளவழகனை இரண்டு பேருக்கும் தெரியும். மணலில் படுத்த நாட்களில் மைக் பிடித்துப் பேசின பையன். சட்டம் வந்ததும் அரசாங்கமே கூப்பிட்டு வேலை கொடுத்தது. அந்தத் தேன்குரலைப் பேசவைத்ததும் அவன்தான். கெட்டவன் இல்லை. போனை நீட்டாமல் நாற்காலியைக் காட்டினான், டீ வாங்கிவரச் சொன்னான். ராஜகனி எல்லாவற்றையும் சொன்னாள். அவன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"அக்கா, இப்ப நீங்க சொன்னது எதையும் நான் கேக்கல. பேட்ஜ் மாத்துனது குற்றம். ரெண்டு பேர் மேலயும் கேஸ் போடணும்."

"கேஸ் போடு தம்பி. செயில்ல ஆஸ்பத்திரி இருக்கும்லா?" என்றாள் ராஜகனி.

அவன் சிரிக்கவில்லை. காகிதத்தில் கணக்குப் போட்டான். "சரி, ஆறு பேரும் வந்து ஒத்துக்கிட்டதாவே வைங்க. பிரகாசி அக்காவுக்கு ரெண்டோ மூணோதான் நிக்கும், பச்சையாயிடுவாங்க. நீங்கதான் அதிகமா உள்ள போயிருக்கீங்க, உங்களுக்கு ஒரு எழுபது வரும். மத்தவங்களுக்கு அறுபதுக்குள்ள. யாருக்கும் நூறு வராதுக்கா."

"அப்ப அந்த நூத்திப் பதினெட்டு எங்க போவும்?"

"எங்கயும் போகாது. பிரிஞ்சிடும்."

"ஒருத்தி தலையில மொத்தமா இருந்தா வைத்தியம் உண்டு. ஆறு ஒடம்புல பிரிச்சு வாங்குனா கெடையாது. அப்பிடித்தான?" என்றாள் பிரகாசி.

"நூறுங்கிறது நிபுணர் குழு போட்ட கோடு. அதுக்குக் கீழ நோய் வந்தா, அது உலையால வந்ததுன்னு சொல்ல முடியாதுன்னு எழுதியிருக்காங்க."

"உலையால வரலன்னு சொல்ல முடியுமா?"

இளவழகன் பேனாவை மூடினான். "அதையும் சொல்ல முடியாதுக்கா."

"நாங்க உலையோட கணக்கத்தான தம்பி கேட்டோம். நீங்க எங்க ஒடம்புக் கணக்கத் தொறந்து போட்டுட்டிய."

"உலைக் கணக்கும் இருக்குக்கா. யார் வேணா பாக்கலாம்." அவன் திரையை அவர்கள் பக்கம் திருப்பினான். எறும்பு ஊர்கிறமாதிரி இங்கிலீஷில் எண்கள் கீழே கீழே போய்க்கொண்டிருந்தன. எங்கே முடிகிறது என்று தெரியவில்லை.

"இது பேசுமா?"

"இன்னும் இல்ல. அதுக்கு நிதி ஒதுக்கல."

மனு ஒன்றாவது எழுதிப் போடலாம் என்று அவன் ரேகைப் பெட்டியை நகர்த்திவைத்தான். ராஜகனி பெருவிரலை வைத்தாள். பெட்டி கீச்சென்று கத்தி மறுத்தது. பிரகாசி வைத்தாள். அதற்கும் கத்தியது. கொத்துளி பிடித்தும் ஆசிட்டில் முங்கியும் போன விரல்களில் ரேகை ஏது.

"ஆமா, நீங்கல்லாம் ரேகை இல்லாதவங்க பட்டியல்ல இருக்கீங்க. உங்களுக்கு அட்டை மட்டும் போதும்" என்றான். இரண்டு அட்டைகளையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். உலையில் எடுத்த படங்கள். வெள்ளை முக்காடு, முகமூடி, நடுவில் இரண்டு கண். "எது யாருன்னே தெரியல. எல்லாருக்கும் ஒரே முகமாவுல்ல இருக்கு" என்று வருத்தமாகச் சொன்னான். வருத்தப்பட்டுத்தான் சொன்னான். பிரகாசி அந்தப் பேச்சை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். மனு எழுதவில்லை.

பஸ் நிறுத்தத்தில் நிழல் இல்லை. பாலத்துச் சுவரில் ராஜகனி உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது.

"தா" என்று கையை நீட்டினாள் பிரகாசி.

"எத?"

"ஒன் அட்டைய. ஏங்கிட்ட உள்ளத நீ வச்சுக்க. பட்டணத்து ஆஸ்பத்திரியில ஒன்ன எவனுக்குத் தெரியும்? நூத்திப் பதினெட்டுன்னு அது கத்துனா கட்டில் தருவான்."

ராஜகனி அவளையே பார்த்தாள். "பிரகாசின்னு கூப்பிட்டா எனக்குத் திரும்ப வருமா?"

"நாலு வருசம் அந்தப் பேர நெஞ்சுல குத்திக்கிட்டுத் திரிஞ்ச. வரும்."

"செத்துட்டன்னா?"

"செத்தா நான் செத்தேன்."

"ஒங்க கோயில்ல பொதைப்பாவளே ளா." ராஜகனிக்குக் குரல் உடைந்தது. நோய் என்று சொன்னபோது உடையாத குரல். "எம்பிள்ள எனக்குக் கொள்ளி வைக்கணும். கட்டுனவன் சின்ன வயசுல போயிட்டான், நான் சம்பாரிச்சதே அந்த ஒரு பிள்ளையத்தான். அந்தக் கொள்ளி ஒண்ணுதான் நான் கேட்டது."

பிரகாசி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் சாவும்போது ராஜகனியாத்தான சாவேன். அப்ப ஒம்மவன் வந்து வைக்கட்டும்."

"நீ வேதக்காரி. எரிக்க விடுவியா?"

"காலு ஒடிஞ்சு கெடந்த நாளையில ஒங்கூலியில பாதி தின்ன ஒடம்பு இது. எரிஞ்சா எரியட்டும். பஸ்ஸு வருது, எந்திரி."

பஸ்ஸில் ஏறும்போது கண்டக்டரின் மெஷின் ராஜகனியைப் பார்த்து "பிரகாசி, சிவப்பு" என்றது. கண்டக்டர் அவளைப் பின்பக்கத்துக்குப் போகச் சொன்னான். பிரகாசி பச்சை. முன்னால் சீட் கிடைத்தது. அவள் உட்காராமல் நின்றாள். கொஞ்ச தூரம் போனதும் கால் வலித்தது, உட்கார்ந்துவிட்டாள்.

தேரிவிளையில் ராஜகனி வீட்டைப் பூட்டிக்கொண்டு மகனிடம் போய்விட்டாள் என்று பேச்சு. சிப்பிமுனைத் தெருவுக்கு விஷயம் தெரியும். மீன்காரத் தெரு அது, கடலுக்குள் நடந்ததைக் கரையில் சொல்லாது.

பனைவிளைப் பக்கம் அவள் முகத்தைத் தெரியும் என்பதால் பிரகாசி இரண்டு பஸ் மாறி வடக்கே ஒரு ஊருக்குப் போனாள். பெட்டியை இறக்கினதும் ஒருத்தி போனை நீட்டினாள். "ராஜகனி. வாழ்நாள் அளவு நாற்பது. பச்சை." அவ்வளவுதான். வெயில் ஏறுவதற்குள் பெட்டியில் செதிள்தான் மிச்சம். வெறும் பெட்டியைத் தலையில் வைத்தபோது கழுத்து தானாக நிமிர்ந்துகொண்டது. அந்தச் சுகம் அவளுக்கு உறைத்தது. ஆஸ்பத்திரியில் ஒருத்தி ரத்தம் கக்கிக்கொண்டிருக்கிறாள், எனக்குக் கழுத்து வலி போய்விட்டதே என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே நாளைக்கு நெத்திலியும் சேர்த்து எடுக்கலாம் என்றும் நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனாள். நர்ஸ், "பிரகாசிம்மா, ராஜகனின்னு ஒருத்தங்க வந்திருக்காங்க" என்று கூப்பிட்டபோது இரண்டு பேருமே "ஆங்" என்றார்கள்.

ராஜகனிக்கு முடியெல்லாம் கொட்டியிருந்தது.

"திருச்செந்தூர்ல மொட்ட போட்டவ மாதிரி இருக்க."

"மரியாதையாப் பேசுளா. நான் சிவப்பாக்கும். பெரிய டாக்டருமாரு எங்கட்டிலச் சுத்தி நிக்காவ. நூத்திப் பதினெட்டுல இந்த நோய் இப்பத்தான் கணக்காக் கெடச்சிருக்காம். கண்ணுல ஒத்தாத கொறதான்." சிரித்தாள். இருமல் வந்து சிரிப்பு நின்றது. "ஒண்ணு சொல்லுதேன் கேளு. ராத்திரியெல்லாம் என்ன பிரகாசி பிரகாசின்னு கூப்பிடுதாவ. எம்பேரச் சொல்லி ஒரு மட்டம் கூப்பிடேன்."

பக்கத்துக் கட்டிலில் ஆள் இருந்தது. நர்ஸ் மருந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். பிரகாசியால் கூப்பிட முடியவில்லை. அவள் காலைப் பிடித்து, வெந்த பெருவிரலை நெடுநேரம் அமுக்கிவிட்டாள்.

மழைக்கு முன்னால் ராஜகனி செத்துப்போனாள். ஆஸ்பத்திரிச் சாமியார் வந்து நெற்றியில் எண்ணெய் பூசி, பிரகாசியின் பாவங்களை மன்னித்தாராம். சிப்பிமுனைக் கல்லறைத் தோட்டத்தில், சிவப்பு ஆட்களுக்கென்று வேலியோரம் ஒதுக்கின இடத்தில், குழிக்கு நாலு பக்கமும் சிமெண்ட் பூசி அடக்கினார்கள். செத்த உடம்பிலிருந்து ஒன்றும் வராது என்று இளவழகனே வந்து சொன்னான். யார் கேட்டார்கள்? ஊர் கிணற்றை நினைத்தது. சிலுவையில் பிரகாசி என்று எழுதி, கீழே எண்ணையும் எழுதினார்கள்.

இசக்கிமுத்து திருப்பூரிலிருந்து வந்திருந்தான். யாரோ வழிப்போக்கன் மாதிரி கூட்டத்தோடு நின்றான். எல்லாரும் ஒரு பிடி மண் போட்டபோது அவனும் போட்டான். போட்ட கையை உதறவில்லை, அப்படியே மூடிக்கொண்டு போனான். மறுநாள் கடலோரக் கோயிலில் மொட்டை போட்டான். என்ன வேண்டுதல் என்று நாவிதர் கேட்டாராம். வேலை கிடைத்ததற்கு என்றானாம். ஊருக்குப் போகும்முன் பிரகாசியிடம் வந்தான்.

"சித்தி, ஒங்களுக்கு ஒண்ணு ஆவும்போது எனக்குச் சொல்லிவிடச் சொல்லுங்க. எங்கன இருந்தாலும் வந்துருவேன்."

ஒரு ஆள் முகத்தைப் பார்த்து, நீ எப்போது சாவாய் என்று கேட்கிற கேள்விதான் அது. பிரகாசிக்குக் கோபம் வரவில்லை. "சொல்லிவிடுதேன் மக்கா" என்றாள்.

ஒரு வருஷம் கழித்து, அவள் மீன் விற்கிற வடக்கூர்ச் சந்தையில், மையத்துக்காரர்கள் பந்தல் போட்டு ஒரு கூட்டம் நடத்தினார்கள். பந்தல் ஓரமாகப் பிரகாசி பெட்டி வைத்திருந்தாள். மைக்கில் இளவழகன் பேசினான். கடற்கரைப் போராளி பிரகாசியின் மரணம் வீண்போகவில்லை என்றான். அவருடைய தகவல் எல்லாருக்கும் திறந்திருந்ததால்தான் நிபுணர் குழு அதை எடுத்து ஆராய முடிந்தது, நூறு என்கிற கோடு சரிதான் என்று இப்போது உறுதியாகிவிட்டது, நூறுக்கு மேலே நோய் வந்திருக்கிறது, கீழே ஒருவருக்கும் வரவில்லை என்றான். ஜனங்கள் கைதட்டினார்கள். பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்த ஒருத்தியும் செவுளைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுத் தட்டினாள்.

கூட்டம் கலைந்ததும் இளவழகன் மீன் வாங்க வந்தான். குனிந்து ஊளியைப் பார்த்தவன், நீட்டியிருந்த நொண்டிக்காலைப் பார்த்தான். பிறகு முகத்தை. அவன் சட்டைப்பையில் இருந்த போன் தானாகச் சொன்னது: "ராஜகனி. நாற்பது. பச்சை."

நோய் ராஜகனிக்கு என்று காதால் கேட்டும், செத்தது பிரகாசி என்று அட்டை சொன்னதை நம்பினவன் அவன். அவனே பேசவைத்த குரல். அதை நம்புவதா கண்ணை நம்புவதா என்று அவன் நின்ற நிலையைப் பார்க்கப் பிரகாசிக்குப் பாவமாக இருந்தது.

"கிலோ என்னக்கா?" என்றான் கடைசியில்.

"ஒனக்கு எதுக்கு வெல? எடுத்துட்டுப் போ."

அவன் எதிரே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். குரலைத் தாழ்த்தினான். "குழிக்குள்ள இருக்கிறது எழுபது. இல்லையா? நூறுக்குக் கீழ. அத வச்சுத்தான் கோட்டுக்குக் கீழ யாருக்கும் வராதுன்னு எழுதிட்டாங்க. இனிமே அறுபதுக்கும் எழுபதுக்கும் நோய் வந்தா யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க."

"நீதான தம்பி கணக்குப் போட்டுச் சொன்ன."

"நான் சொன்னேன். ஆமா." முகத்தைத் துடைத்தான். "நீங்க வந்து, நான்தான் பிரகாசி, உயிரோட இருக்கேன்னு ஒரு வாக்குமூலம் குடுத்தா அந்த முடிவு நிக்காது. கோடு உடையும். கேஸ் வரும், மறைக்கல. என் வேலையும் போகும். ஆனா மிச்சம் அஞ்சு பேர் இருக்காங்களேக்கா. செத்தவங்க பேர்ல அந்தச் சாவையும் திருப்பி எழுதலாம். அவங்க மகன் முறைப்படி செய்யவேண்டியதச் செய்யலாம்."

"எனக்கு?"

"உங்க அட்டை உங்களுக்கு வரும். அஞ்சு பேரும் ஒத்துக்கிட்டாத்தான் பச்சை. ஒத்துக்காட்டி..."

"சிவப்பு."

"ஆமாக்கா."

அவன் ஊளியை வாங்கிக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்றாலும் காசை வைத்துவிட்டு, "திங்கக்கிழமை வாங்க" என்று சொல்லிப் போனான். பெட்டி காலியாகிவிட்டது. வழியெல்லாம் அவள் வெறும் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டே வந்தாள்.

அந்தத் திங்கட்கிழமை வலையில் சூரை மீன் நிறையப் பட்டிருந்தது. ஏலத்தில் நல்ல மலிவு. அதை விட்டுவிட்டு எப்படிப் போவது? அடுத்த திங்கட்கிழமை மழை. அதற்கு அடுத்தது போக வேண்டியதுதான் என்று சேலைகூட மாற்றினாள். மாற்றிவிட்டு அட்டையை ரவிக்கைக்குள் வைக்கும்போது பனைவிளை விலக்கும், சேலையில் விரலைத் துடைத்துக்கொண்டு போன அந்த மாமியாரும் நினைவுக்கு வந்தார்கள். கழுத்துக்குப் பின்னால் பழைய வலி வந்து உட்கார்ந்தது. சேலையை அவிழ்த்துப் போட்டுவிட்டு, சும்மாட்டைச் சுருட்டினாள்.

ஒருநாள் மத்தியானம் வாசலில் சத்தம் கேட்டது.

"பிரகாசியக்கோ! எக்கா! நான்தான் சந்தனமாரி."

ஆறு பேரில் கடைசிக்காரி. சின்னப் பிள்ளைக்காரி. அவளுக்கு எப்படிக் கணக்குப் பார்த்தாலும் அறுபது தேறாது.

"எக்கா, உள்ள இருக்கியளா? கை எல்லாம் கன்னிக் கெடக்குக்கா. பல்லுல ரத்தமா வருது. ராஜகனியக்காவுக்குச் செஞ்சியளாமே. எனக்கும் அந்த அட்டையக் கைமாத்தாத் தாங்கக்கா. நான் மறக்கமாட்டேன்."

அந்த அட்டை குழிக்குள் சிமெண்டுக்கு அடியில் கிடந்தது. சிவப்பெல்லாம் செத்துப்போயிற்று. பிரகாசியிடம் மிச்சம் இருந்தது ஒரு நாற்பது. அதுவும் இன்னொருத்தியுடையது. கொடுப்பதற்கு ஒரு வாக்குமூலம் மட்டும் இருந்தது.

பிரகாசி கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கதவுக்கும் தரைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. அதன் வழியாக வெளியே சந்தனமாரியின் நிழல் தெரிந்தது. வெளியிலிருந்து பார்க்கிறவளுக்கு என்ன தெரியும் என்பது அவளுக்குப் பிறகுதான் உறைத்தது. கோணல் காலை மெல்ல இழுத்துக்கொண்டாள்.

வெளியே நிழல் ஒரு அடி பின்னால் நகர்ந்தது. பிறகு, "சரிக்கா" என்றது குரல். செருப்புச் சத்தம் தெருமுனை வரைக்கும் போனது.

திங்கட்கிழமைகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. மீன் விற்கிறது, கழுத்து வலிக்கவில்லை. ராஜகனியின் சாவைப் பிரகாசி இன்னும் அவளுக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை.